இரண்டாம் தடத்தில் தோரா

தோரா ட்ரீவரின் பெயரை எந்த ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைமாட்டிலும் தேடாதீர்கள், கிடைக்காது. கடைசிப் பக்கத்தில் பணம் கொடுத்தவர்கள், இடம் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் நன்றி சொல்லி முடித்த பிறகு, 'ஒலிப்பதிவில் உதவிய தோரா ட்ரீவருக்கும்' என்று அரை வரி வரும். இயந்திரங்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தோம் என்று எடின்பரோ முழுக்க மார்தட்டுகிறோமே, எங்கள் ஆய்வுக்கூடத்தின் அத்தனை பெருமையும் அந்த அரை வரியின் தலையில்தான் நின்றது. இதை வேறு யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் அவளோடு இருபத்திரண்டு வருடம் விடாமல் சண்டை போட்டவன் நான்தான், எனவே நானே சொல்லவேண்டியிருக்கிறது.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஓர்க்னித் தீவுக்காரி. அங்கே ஸ்ட்ராம்னெஸ் படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவள், எடின்பரோவுக்கு வந்து காது பரிசோதிக்கும் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்தாள். அங்கிருந்து 1999இல் எங்களிடம் வந்து சேர்ந்தாள். எங்கள் ஒலிப்பதிவு அறை அப்போது நிலவறையில் இருந்தது. கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே ஒருவர் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாக வாசிப்பார். ஆயிரம் வாக்கியம், இரண்டாயிரம் வாக்கியம். அதைக் கேட்டுத்தான் இயந்திரம் அவர் குரலைக் கற்றுக்கொள்ளும். உள்ளே இருப்பவரின் மைக் முதல் தடம். ஜன்னலுக்கு வெளியே தோராவின் மேசையில் ஒரு சின்ன மைக் இருந்தது, உள்ளே இருப்பவரின் ஹெட்போனில் பேசுவதற்கு. அதுவும் கூடவே பதிவாகும். அது இரண்டாம் தடம்.

"நூத்தி நாப்பத்திரண்டு" என்பாள் தோரா. உள்ளே இருப்பவர் நூற்று நாற்பத்திரண்டாவது வாக்கியத்தை வாசிப்பார். "மறுபடியும். கடைசி வார்த்தைய முழுங்கிட்டீங்க." மறுபடியும் வாசிப்பார். "நல்லா இருந்துச்சு. நூத்தி நாப்பத்திமூணு." நாள் முழுக்க இதுதான்.

ஞாயிறு தவிர தினமும் பகல் ஒரு மணிக்கு, நேரம் காட்டுவதற்காக, எடின்பரோ கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள். எங்கள் கனத்த கதவு பேருந்தைத் தடுத்தது, மழையைத் தடுத்தது, ஆகஸ்ட் மாதத்தில் தெருவெல்லாம் ஊதித் தள்ளும் பேக்பைப் குழல்களைக்கூடத் தடுத்தது. பீரங்கியை மட்டும் தடுக்கவில்லை. புதிதாக வருபவர்கள் அதை மறந்து வாசித்துக்கொண்டே போவார்கள். சரியாக ஒன்றாக இரண்டு நிமிடம் இருக்கும்போது தோராவின் குரல் வரும்: "பீரங்கி வருது. வாய மூடிக்கிட்டு தண்ணி குடிங்க." தொம்மென்று ஒரு சத்தம். அதன் பிறகு எல்லாரும் பருப்பு சூப் குடிக்க மேலே போவோம்.

எங்கள் சண்டை எல்லாம் ஓர் எண்ணைப் பற்றியது. ஓசையைக் கணினி அப்படியே விழுங்காது. நொடிக்கு இத்தனை தடவை என்று அளந்து எண்களாக எழுதிக்கொள்ளும். அந்த எண்ணிக்கைக்குத்தான் சாம்பிள் ரேட் என்று பெயர். நாற்பத்தெட்டாயிரம் தடவை அளந்தால் குரல் அடி முதல் நுனி வரை வந்துவிடும். பதினாறாயிரம் என்றால் பேச்சு தெளிவாகப் புரியும், நுனி மட்டும் போய்விடும். எட்டாயிரம் என்றால் பழைய டெலிபோன். பேசுவது யாரென்று தெரியும், ஆனால் 'ஸ்', 'ஃப்' மாதிரியான காற்றோசைகள் மழுங்கிப் போகும்.

எனக்குப் பதினாறு போதும். அன்றைய இயந்திரங்கள் அதற்கே மூச்சு வாங்கின. ரேட்டைக் கூட்டினால் பயிற்சி ஒரு வாரத்துக்குப் பதில் மூன்று வாரம் ஓடும், டிஸ்க் நிரம்பும், பேராசிரியர் என் தலையை உருட்டுவார். தோராவோ நாற்பத்தெட்டுக்குக் கீழே இறங்கமாட்டாள்.

"நாப்பத்தெட்டுல எடுத்து என்ன பண்ணப் போறே? நான் பதினாறுக்குக் குறைச்சுத்தானே இயந்திரத்துக்குக் குடுக்கறேன்?" என்பேன்.

"குறைச்சுக்கோ. நீ ஆச்சு, உன் இயந்திரம் ஆச்சு. நான் எடுக்கறது அந்தப் பொம்பளையோட குரல்யா. நாளைக்கு உனக்கு நாப்பத்தெட்டு வேணும்னா அவ வீட்டுக் கதவத் தட்டி, மறுபடி இளமையா ஆகிட்டு வாங்கன்னு கேப்பியா?"

"தாயே, டிஸ்க்க யாரு வாங்கித் தர்றது?"

"யோவ் இன்னஸ், அந்தக் கதையெல்லாம் மேல போய்ச் சொல்லு. இங்க ரெக்கார்டிங் நடக்குது."

சும்மா சொல்லக்கூடாது, ஜெயித்தது அவள்தான். பத்து வருடம் கழித்து உலகமே இருபத்துநான்கு, நாற்பத்தெட்டு என்று பறந்தபோது, மற்ற ஆய்வுக்கூடங்கள் பழைய பதிவுகளைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஆள் தேடின. எங்களிடம் இருநூற்றுச் சொச்சம் பேரின் குரல் முழுசாக இருந்தது. அதில் சிலர் அதற்குள் இறந்தும் போயிருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் வந்து கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதுண்டு.

இப்போது என் குட்டையும் உடைத்துவிடுகிறேன். 2012 மார்ச்சில் டிஸ்க் நிரம்பிவிட்டது. முதல் தடத்தில் கைவைத்தால் தோரா என்னை உயிரோடு விடமாட்டாள். இரண்டாம் தடத்தில் என்ன இருக்கிறது? எண் சொல்வதும் 'மறுபடியும்' என்பதும்தானே? எந்த வாக்கியம் எங்கே நின்றது என்று பார்ப்பதற்கு அது போதும், அதற்கு எதற்கு நாற்பத்தெட்டு? ஒரு மதியம் உட்கார்ந்து பத்து வரி நிரல் எழுதினேன். அத்தனை வருட இரண்டாம் தடத்தையும் எட்டாயிரத்துக்குக் குறைத்து, மூலத்தை அழித்தேன். இனி பதிவாகும் இரண்டாம் தடமும் எட்டில்தான் என்று அமைத்தேன். தோராவிடம் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2021இல் அவள் ஓய்வு பெற்றாள். புதுக் கட்டடத்துக்கு மாறும்போது அவளுடைய பதிவேடுகளைத் தூக்கி எறியப் பார்த்தார்கள். பதினாறு தடி நோட்டுகளையும் இரண்டு டாக்சியில் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். ஒவ்வொரு நாளும் தேதி, பேசியவர், ரேட், குறிப்பு என்று நாலு கட்டம். எல்லாம் அவள் கையெழுத்து.

சென்ற வருடம் அவளுக்குக் குரல் கம்மியது. சளி என்று நாலு மாதம் அலட்சியமாக இருந்துவிட்டாள். ஊரார் குரலில் ஒரு பிசிறு தட்டினால் உடனே 'மறுபடியும்' என்று சொல்கிற பெண், தன் தொண்டை நாலு மாதம் கரகரத்ததைக் கண்டுகொள்ளவில்லை. டாக்டரிடம் போனபோது புற்று முற்றியிருந்தது. குரல்வளையையே எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அறுவைக்கு முன் அவளைப் புது ஒலிப்பதிவு அறைக்குக் கூட்டிப்போனேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் தோரா கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்தாள், நான் வெளியே. நாற்பத்தெட்டாயிரத்தில் இரண்டு மணி நேரம் எடுத்தோம். அவள் வெளியே வந்து ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். பிறகு அந்தக் கரகரத்த குரலில் சொன்னாள்: "நோய நல்லாத் தெளிவாப் பதிவு பண்ணியிருக்கேய்யா."

நான் ஹெட்போனை வாங்கி வைத்தேன்.

அறுவை முடிந்தது, பிழைத்தாள். கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு. வால்வு வைத்துப் பேசும் வழி ஒன்று உண்டு, அவள் உடம்புக்கு அது ஒத்துவரவில்லை. கையடக்கத் திரை ஒன்று கொடுத்தார்கள். அதில் எழுதினால் அது பேசும். யாரோ ஒரு லண்டன் அம்மாளின் பளபளப்பான குரல்.

தோராவுக்கு ஊரில் இருப்பது ஒரே அக்கா. மேசி. எழுபத்துநாலு வயது, ஸ்ட்ராம்னெஸில் தனியாக இருக்கிறாள். கண் பார்வை முக்கால்வாசி போய்விட்டது, செய்தி அனுப்பினால் படிக்க முடியாது. தோரா எடின்பரோவுக்கு வந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு அக்காவுக்குப் போன் செய்வாள். பீரங்கி வெடிக்காத ஒரே கிழமை, நிம்மதியாகப் பேசலாம் என்பாள். முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த ஒரு மணி தவறியதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிறு நானும் அவள் வீட்டில் இருந்தேன். ஒரு மணிக்குத் திரை வழியாக அழைத்தாள். லண்டன் அம்மாள் குரல் இனிமையாக, "வணக்கம் மேசி, நான் தோரா பேசுகிறேன்" என்றது.

"எனக்கு ஜன்னலும் வேணாம், இன்சூரன்ஸும் வேணாம்" என்றாள் மேசி. ஏதோ விற்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டாள்.

மறுபடி அழைத்தோம். "என் தங்கச்சி பேரச் சொல்லி ஏமாத்தப் பாக்கறியா? அவளுக்குக் குரலே போச்சு, இவ பேசறாளாம்! வெக்கமா இல்ல உனக்கு?" டொக்.

முதலில் தோரா சிரித்தாள், அதாவது தோள் குலுங்கியது. பிறகு திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி மேசிக்கு விவரம் தெரிவித்தோம். மேசியின் பதில் அவர் மூலம் வந்தது: 'அந்தப் பொம்பள குரல்ல என் தங்கச்சி பேசறத என்னால கேக்க முடியாது. மன்னிச்சுக்கச் சொல்லுங்க.' ஞாயிற்றுக்கிழமைகள் அதோடு நின்றுபோயின. தோரா மெலிந்துகொண்டே போனாள். எனக்குப் பொறுக்கவில்லை.

அவளுடைய பழைய குரல் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. நான் வெட்டிப்போட்ட இரண்டாம் தடத்தில்.

பிப்ரவரி முழுக்க அதைக் கேட்டேன். எண்கள், எண்கள், எண்கள். 'மறுபடியும்.' 'அருமை.' 'அழாதீங்க, எல்லாருக்கும் இந்த வாக்கியம் தடுக்கும்.' தினம் ஒரு பீரங்கி எச்சரிக்கை. ஒவ்வொரு பதிவிலும் அந்தத் தொம், அதன் பின்னால் அவள் நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். ஐயோ, அந்த நாற்காலி! மழைக்காலத்தில் நனைந்த கோட்டுகளின் வாடையும், பட்டாணிப் பச்சை பூசிய அந்தச் சுவரும், எல்லாம் வந்துவிட்டன. எங்கள் எல்லாருக்கும் அப்போது தலையில் முடி இருந்தது.

என்னைப் பற்றியும் ஏராளமாக இருந்தது. மைக்கை அணைக்க மறந்துவிட்டு உள்ளே இருப்பவரிடம் சொல்கிறாள்: "இன்னஸ் வர்றாரு, முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது. டிஸ்க் பேச்சு எடுப்பாரு பாருங்க. நீங்க தண்ணி குடிங்க." எடின்பரோவுக்காக மெருகேற்றிய பேச்சு இல்லை அது. கோபம் வந்தால் அவளுக்குத் தீவுப் பேச்சு வந்துவிடும், வாக்கியம் கடைசியில் மேலே ஏறி நிற்கும். அக்காவிடம் பேசும் ராகமும் அதுதான். ஆக, என்னைத் திட்டியதுதான் எனக்கு மிக உதவியாக இருந்தது. எண்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நாலரை மணி நேரம் தேறியது. அதில் ஒன்றரை மணி நேரம் என்னைப் பற்றி.

ஆனால் எல்லாம் எட்டாயிரம். இருநூறு பேருக்கு நாற்பத்தெட்டு வாங்கிக் கொடுத்தவளுக்கு, நான் எட்டையா கொடுப்பேன்? போன நுனியைச் செய்து ஒட்டிவிடலாம் என்று இறங்கினேன். அவள் பதிவு செய்த பெண்களில் சாயல் ஒத்த எட்டுப் பேரை எடுத்து, அவர்கள் குரலின் மேல் பகுதியைக் கொண்டு இயந்திரத்தைப் பழக்கி, தோராவின் எட்டாயிரத்தை நாற்பத்தெட்டாயிரமாக வளர்த்தேன். ஐந்து வாரம் ஆனது. முத்துமுத்தாக வந்தது குரல். எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன்.

மூன்று தடவை கேட்டாள். பென்சிலை எடுத்து எழுதினாள்: 'இந்த ஸ் என்னோடது இல்ல. ரூத் ப்ரோடியோடது.'

ரூத் ப்ரோடி 2009இல் வந்த பள்ளி ஆசிரியை. முன்வரிசையில் பொய்ப்பல் கட்டியிருந்ததால் 'ஸ்' சொல்லும்போது மெல்ல விசில் அடிக்கும். நான் எடுத்த எட்டுப் பேரில் அவளும் ஒருத்தி. என்ன காது ஐயா அது!

தோரா மறுபடி எழுதினாள்: 'என் குரல் எவ்வளவு ரேட்டில் இருக்கு?'

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொன்னேன். மார்ச் 2012, டிஸ்க், பத்து வரி நிரல், அழித்த மூலம், எல்லாவற்றையும் சொன்னேன். "நான் மட்டும் அன்னிக்கு அதத் தொடாம இருந்திருந்தா உன் குரல் இன்னிக்கு முழுசா இருந்திருக்கும். என்ன திட்டணும்னாலும் திட்டு தோரா" என்றேன். திட்டுவதற்கு அவளிடம் குரல் இல்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவள் எழுந்து போனாள். தடி நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். பக்கத்தைப் புரட்டி என் முன்னால் வைத்தாள். 14 மார்ச் 2012. பேசியவர் யாரோ ஒரு பஸ் டிரைவர். ரேட் நாற்பத்தெட்டு. குறிப்புக் கட்டத்தில்: 'இன்னஸ் இரண்டாம் தடத்தை எட்டுக்கு வெட்டிவிட்டான். அதில் நான் மட்டும்தானே, போகட்டும்.'

அவளுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. ஊரார் குரலில் ஒரு மயிரிழை குறைந்தாலும் சண்டைக்கு வருபவள், தன் குரல் போனபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அழுதேன். அறுபது வயதில் இன்னொருத்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அவள் ஒரு தட்டில் வெண்ணெய் தடவிய ரொட்டியை என் பக்கம் தள்ளினாள்.

பிறகு பென்சிலை எடுத்தாள். 'நுனியை எல்லாம் எடுத்துடு. எட்டிலேயே இயந்திரத்தைப் பழக்கு.'

"எட்டுலயா? மந்தமா இருக்கும் தோரா. கம்பளி போத்திக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கும்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் நான் வாங்கிய அதே பார்வை. எழுதினாள்: 'யோவ், மேசி என்னை எதுல கேக்கறா?'

போனில். மேசியின் வீட்டில் இருப்பது சுவரோடு கம்பி இழுத்த பழைய போன். அதில் எட்டாயிரத்துக்கு மேல் எதுவும் போகாது. முப்பது வருடமாக அவள் தங்கை அவளுக்கு எட்டாயிரத்தில்தான் பேசியிருக்கிறாள். நான் ஐந்து வாரம் உயிரைக் கொடுத்து ஒட்டிய நுனி அந்தக் கம்பியிலேயே உதிர்ந்திருக்கும். தலையில் அடித்துக்கொண்டேன். ரேட்டைப் பற்றி உலகத்துக்கெல்லாம் பாடம் எடுத்த எனக்கு, யார் கேட்கப்போகிறார் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

எட்டாயிரத்தில் பழக்குவதற்கு நாலே நாள் ஆனது.

ஏப்ரல் மாத ஞாயிறு ஒன்று. தோரா காலையிலேயே தலை வாரி, கழுத்தில் நல்ல துணியைச் சுற்றிக்கொண்டு, கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். முதல் வரியை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள். ஒரு மணிக்கு அழைத்தோம். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காவிட்டால்? எடுத்து மறுபடியும் வைத்துவிட்டால்? இன்னொரு தடவை தோராவுக்கு அதைத் தாங்க உடம்பு இல்லை.

"ஹலோ?" என்றாள் மேசி.

தோரா பொத்தானை அழுத்தினாள். "அக்கா, நான்தான்" என்றது தோராவின் குரல். வாக்கியம் கடைசியில் மேலே ஏறி நின்றது.

தோரா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் டொக் என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

"ஏண்டி" என்றாள் மேசி. குரல் உடைந்திருந்தது. "ஏண்டி, எத்தன ஞாயித்துக்கிழம ஆச்சு? சூப்ப அடுப்புல வச்சிட்டு, ஒரு மணிக்கு இந்தப் போனப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்டி நான். குரல் போச்சு குரல் போச்சுன்னு பக்கத்து வீட்டு ஆளு உயிர எடுத்தான். எங்கடி போச்சு? அதே குரல்தானே! லைனும் அதே மோசமான லைன்தான்."

தோரா எழுத முயன்றாள், விரல் ஓடவில்லை. கண்ணீர் விசைப்பலகையில் சொட்டியது. மேசிக்கு அது ஒன்றும் பொருட்டில்லை. அவள் பாட்டுக்குப் படகு ரத்தானது, ஆட்டுக்குட்டி பிறந்தது, மாதா கோவில் கூரை ஒழுகுவது என்று பேசிக்கொண்டே போனாள். நடுவில் தோரா எழுதி முடித்த ஒவ்வொரு பதிலையும் கேட்டுக்கொண்டு, "அதானே, நீ அப்படித்தான் சொல்வே" என்றாள். என்னைத் திட்டிக் கற்ற குரல் அல்லவா, 'நல்லா இருக்கேன்க்கா' என்பதைக்கூடக் கொஞ்சம் அதட்டலாகத்தான் சொன்னது. மேசிக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

ஐம்பது நிமிடம். வைத்த பிறகு தோரா எழுந்துபோய்க் கடைசிப் பதிவேட்டை எடுத்து வந்தாள். பாதிக்கு மேல் வெற்றுப் பக்கம். தேதி போட்டாள். ரேட் கட்டத்தில் எட்டாயிரம் என்று எழுதினாள். குறிப்புக் கட்டத்தில், 'முதல் டேக்கே சரி. மறுபடியும் வேண்டாம்.' பேசியவர் என்ற கட்டத்தில் மட்டும் பென்சிலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பதினாறு நோட்டிலும் அந்தக் கட்டத்தில் அவள் பெயர் ஓரிடத்திலும் கிடையாது. பிறகு நிதானமாக, எழுத்து எழுத்தாக, தோரா ட்ரீவர் என்று எழுதினாள்.